வலி நின்றால் கத்து

உத்திரமேரூர் வட்டம்
28 நவம்பர் 2024

வட துருவத்தைக் கைக்குட்டையாக மடித்து இடுப்பில் செருகியிருக்கும் மருமகள் இளமதிக்கு, முப்பத்தெட்டு வருடம் ஏழு கிராமத்துக்குத் தபால் பட்டுவாடா செய்து, ஓய்வு பெற்ற அன்று அரசாங்கத்தையே தேம்பி அழவைத்த மாமன் தாண்டவராயன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை கோவிந்தம்மாளும் இரண்டு எருமையும் ஒன்பது கோழியும் சுகம். உன் சுகம் எப்படி? மூக்கு முகத்தில்தான் இருக்கிறதா, உறைந்து உதிர்ந்துவிட்டதா?

கனடாக் காட்டில் பனியின் ஆழத்தை அளக்கும் வேலைக்கு நீ போயிருக்கிறாய் என்று டீக்கடையில் சொன்னேன். தினேஷ்குமார் சிரிக்கிறான். "பனிய அளக்கவா அம்மாந்தூரம் போச்சு உன் அக்கா பொண்ணு? மார்கழில இங்க வரச் சொல்லு, நானே அளந்து குடுக்கறேன்." நான் விடுவேனா? உன் கோல் ஒரு அங்குலம் தவறினால் கடல் பொங்கிச் செங்கல்பட்டு வரை முழுகும் என்றேன். இப்போது தினம் உன் பெயருக்குச் சூடம் ஏற்றுகிறான்.

உன் நிலையத்தில் போன் கிடையாது, மாதம் ஒருமுறை நகரத்துக்குப் போனால்தான் பேச முடியும் என்கிறாய். அதனால் என்ன, தபால் இருக்கிறது. என் அக்கா போன பிறகு நீ எங்கள் இருவருக்கும் ஒரே பிள்ளை, எழுதாமல் இருக்காதே. அத்தைக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அப்படிப் படித்துக் காட்டியவன்தானே நான். மகன் 'நலம்' என்று ஒற்றை வரி எழுதினால், உப்பு புளி சேர்த்து, கடைசியில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டு இறக்குவேன். உன் போன கடிதத்தில் நீ ஒரு கரடியைக் கன்னத்தில் அறைந்தாய். அத்தைக்குத் தாங்கவில்லை பெருமை.

பெரிய சேதி: வருகிற மே பதினொன்றாம் தேதி நம்ம திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. நான் குண்டம் இறங்கும் இருபத்தைந்தாவது வருடம். பரிவட்டம் கட்டப் போகிறார்கள். போன வருடம் மற்றவர்கள் வெள்ளாடு மாதிரி துள்ளி ஓடினார்கள். நான் மாப்பிள்ளை நடை நடந்தேன். மூன்று வருடமாக நெருப்பு எனக்குச் சுடுவதே இல்லை. முழு அருள் என்கிறார் பூசாரி.

குளிரில் சொந்தக் கால் எது என்று மறந்துவிடாதே.

உன் மாமன்,
தபால் சக்கரவர்த்தி தாண்டவராயன்

*

கனடா
19 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் இளமதி எழுதுவது. நான் நலம். மூக்கு இருக்கிறது. கரடியை நான் அறையவில்லை; பார்த்ததுகூட இல்லை. அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பனிச்செருப்பு கொடுத்திருக்கிறார்கள். செருப்பு என்று பெயர்தான். நம் வீட்டு முறத்தை நீளவாக்கில் இழுத்து, நடுவில் பூட்ஸைக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பனி இடுப்பளவு. சும்மா கால் வைத்தால் உள்ளே போய்விடும். அகலமான இதைக் கட்டிக்கொண்டால் பாரம் பரவி மேலேயே நிற்கலாம்.

நிற்கலாம் என்று சொன்னேன். நடப்பது வேறு. முதல் நாள் வலது செருப்பால் இடது செருப்பை மிதித்துக்கொண்டு, காலை எடுக்கப் பார்த்துக் குப்புற விழுந்தேன். கையை ஊன்றினால் தோள் வரை உள்ளே போகிறது. பின்பக்கம் எட்டு வைக்கவும் முடியாது, செருப்பின் வால் பனியில் குத்திக்கொள்ளும். திரும்ப வேண்டுமென்றால் பெரிதாக வட்டமடிக்க வேண்டும். பதினோரு தடவை விழுந்தேன். கூட வேலை செய்யும் நோரா எண்ணினாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். பிறந்ததிலிருந்து இதில் நடக்கிறாள்.

அவள் எனக்கு ஒரே ஒரு சட்டம் சொன்னாள். "கால் வலிக்கிற வரைக்கும் பயமில்லை, நட. வலி நின்றால் கத்து."

மார்ச் கடைசியில் பன்னிரண்டு கிலோமீட்டர் தனியாகப் போய், நாற்பது இடத்தில் அளந்து திரும்ப வேண்டும். முடித்தால் வேலை நிரந்தரம். பயமாக இருக்கிறது, மாமா. இதை அத்தைக்குப் படிக்காதீர்கள்.

அன்புடன்,
மதி

*

உத்திரமேரூர் வட்டம்
13 ஜனவரி 2025

முறத்தில் ஏறி உலகளக்கும் மருமகளுக்கு மாமன் ஆசி. போகியும் நாங்களும் புகையோடு நலம். அத்தை உனக்காகப் பொங்கப்பானையில் ஒரு பிடி கூடுதலாகப் போடப்போகிறாள். உன் சளி, காய்ச்சல், கால் எல்லாம் எப்படி?

உன் கடிதம் படித்ததும் என் ரத்தம் கொதித்தது. என் மருமகள் பதினோரு தடவை விழுவதா? வித்தையை நானே கற்று உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். பனிக்கு எங்கே போவேன்? ஏரிக்கரை ஓரம் முழங்கால் சேறு கிடக்கிறது. இரண்டு முறத்தை எடுத்தேன். கொச்சக்கயிற்றால் காலில் கட்டினேன். இறங்கினேன்.

மதி, நடந்தேன்! கொக்குகள் எழுந்து நின்று கைதட்டின. ஏரி மீன்கள் தலையை வெளியே நீட்டி 'யாரப்பா இது' என்று கேட்டன. நாற்பது அடி நடந்திருப்பேன். கரையில் உன் அத்தை.

"யோவ்! இன்னாய்யா பண்ணிக்கினுகீற? அரிசி பொடைக்கிற மொறத்தக் கால்ல கட்டிக்கினு மிதிக்கிறியே, வூட்டு லட்சுமி நிப்பாளா?"

"ஆராய்ச்சி நடக்குது, கோவிந்து. கனடாவுல கேட்டுக்கீறாங்க."

"கேப்பாங்க, கேப்பாங்க. ஏறு மேல, பேமானி!"

ஏறினேன். ஒரு முறம் சேற்றுக்குள் போய்விட்டது. பாதாளத்தில் யாரோ அதில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு அதிசயம் கேள். மறுநாள் சாயங்காலம் கால் கழுவும்போது பார்க்கிறேன், இடது சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கருவேல முள். இரண்டு அங்குலம்! ஒரு நாள் முழுக்க அதை விருந்தாளி மாதிரி சுமந்துகொண்டு டீக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வந்திருக்கிறேன். எறும்பு கடித்த அளவுகூடத் தெரியவில்லை. பிடுங்கி எறிந்தேன். வஜ்ர தேகம் என்றால் என்ன என்று இப்போது புரிகிறதா? அத்தையிடம் சொல்லவில்லை. முறத்தை மிதித்த பாவம் என்பாள்.

விழுந்தால் சிரித்துக்கொண்டே விழு. பார்ப்பவன் அதுதான் நடை என்று நினைப்பான்.

உன் வஜ்ர மாமன்

*

கனடா
4 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு, நான் நலம். நீங்கள் நலமா? உபசாரத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆறு கிலோமீட்டர் நடந்தோம். இப்போது நான் விழுவதில்லை. காலை கொஞ்சம் அகட்டி வைத்து, உருளும் வண்டி மாதிரி போகப் பழகிவிட்டேன். காலையில் இடது பெருவிரல் ஊசி குத்துவது போல வலித்தது. மதியத்துக்குமேல் வலி நின்றது. எனக்குச் சந்தோஷம். குளிரை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துப் பாடிக்கொண்டே நடந்தேன். நோரா திரும்பி, விரல் எப்படி என்றாள். "பிரமாதம், ஒன்றுமே தெரியவில்லை" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. அங்கேயே பனியில் உட்காரவைத்தாள். பூட்ஸைக் கழற்றி என் பாதத்தைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். விரல் மெழுகுவத்தி நிறத்தில் இருந்தது. கால் மணி நேரம் கழித்து வலி வந்தது பாருங்கள், காடே அதிரக் கத்தினேன். அவள் சிரித்தாள். "கத்து, கத்து. விரல் பிழைத்துவிட்டது" என்றாள்.

அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முள்ளைப் பற்றிய பத்தியை நான்கு தடவை.

மாமா, எங்கள் தாத்தாவுக்கு, உங்கள் அப்பாவுக்கு, சர்க்கரையில்தானே காலை எடுத்தார்கள்? அவருக்கும் முதலில் வலிக்கவில்லை என்று அம்மா சொல்வாள். நீங்கள் எப்போதாவது ரத்தம் சோதித்தீர்களா? முள் குத்திய இடம் ஆறிவிட்டதா? நெருப்பு மூன்று வருடமாகச் சுடவில்லை என்று எழுதினீர்களே.

உங்கள் பொய்கள் எல்லாம் எனக்குப் பிடிக்கும். இதில் மட்டும் வேண்டாம்.

மதி

*

உத்திரமேரூர் வட்டம்
26 பிப்ரவரி 2025

டாக்டரம்மா இளமதிக்கு (பனி அளக்கப் போனவள் எப்போது டாக்டரானாய்?) மாமன் எழுதுவது. நாங்கள் அனைவரும் சுகம். எருமை ஒன்று கன்று போட்டது. கன்று பிறந்ததும் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னது.

விரல் பிழைத்ததில் மகிழ்ச்சி. நோராவின் வயிற்றுக்கு ஒரு பட்டுப்புடவை என் செலவில்.

சர்க்கரையா? டீயில் மூன்று கரண்டி, அதுதான் எனக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு. என் அப்பா சோம்பேறி, உட்கார்ந்தே இருந்தவர். நான் பூமியை நான்கு முறை சுற்றியவன். என் காலைப் பற்றி நான் சொல்வதா, நீ சொல்வதா? நேற்றுகூட ஒரு வேடிக்கை. வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. திருப்புலிவனம் கூட்ரோட்டில் கிடந்ததாம், தினேஷ்குமார் கொண்டுவந்தான். இந்தக் காலுக்குச் செருப்பே வேண்டாம் என்றேன். கடையே சிரித்தது.

புண் மிளகளவு. சரி, கொட்டைப்பாக்களவு. அத்தையிடம் பித்தவெடிப்பு என்று சொல்லியிருக்கிறேன். உடம்பில் திறந்த புண்ணோடு குண்டம் இறங்கக்கூடாது என்பது நம்ம கோயில் கட்டு, உனக்குத் தெரியும். அதனால் இதைப் பெரிதாக்காதே. மே இரண்டாம் தேதி காப்புக் கட்டு. இருபத்தைந்தாவது வருடம், மதி. இன்னொரு தடவை வராது.

மாமன்

*

கனடா
20 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நகரத்துக்கு வந்தோம். போன் செய்தேன். "அத்தை மார்க்கெட்டுக்குப் போய்க்கீறா" என்றீர்கள். பின்னால் அத்தை கோழி விரட்டும் சத்தம் கேட்டது. கால் எப்படி என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இனி இரண்டு மாதம் நான் நகரத்துக்கு வரமுடியாது. வழியில் ஆறு ஒன்று இருக்கிறது. இப்போது அதன்மேல்தான் வண்டி ஓட்டுகிறோம்; பனிக்கட்டி உடைய ஆரம்பித்தால் பாதை கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை சின்ன விமானம் தபாலை மட்டும் எடுத்துப்போகும். அதனால் இந்த உறைக்குள் இன்னொரு உறை வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறேன். 'திருமதி கோவிந்தம்மாள்' என்று முகவரி எழுதியிருக்கிறேன்.

முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட உரியவர் கையில் கொடுக்காமல் விட்டதில்லை என்று சொல்வீர்களே. இதையும் கொடுங்கள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். உப்பு புளி சேர்க்காமல், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி.

ஒரு சோதனையும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அத்தை உங்கள் கால்விரல்களை ஒவ்வொன்றாக மெல்லத் தொடட்டும். எந்த விரல் என்று நீங்கள் சொல்லவேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மதி

*

உத்திரமேரூர் வட்டம்
14 ஏப்ரல் 2025

மருமகளுக்குப் புத்தாண்டு ஆசி. எல்லோரும் நலம்.

உன் உறை சனிக்கிழமை வந்தது. சோதனை செய்துவிட்டேன். பத்துக்குப் பத்து. யார் தொட்டது என்று கேட்பாய். நானே தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

உள்ளுறையைப் பற்றி: ஓய்வு பெற்ற தபால்காரனை எந்தச் சட்டமும் கட்டாது. மேலும் முகவரியாளர் நாற்று நடவில் மும்முரம். பத்திரமாக இருக்கிறது. அரிசி டிரம்முக்குப் பின்னால்.

வேறு விசேஷம் இல்லை. வெயில் அதிகம்.

தாண்டவராயன்

*

கனடா
24 ஏப்ரல் 2025

மாமா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எழுதாமல் இருந்தீர்களா, வழியில் இருக்கிறதா, தெரியவில்லை. கடிதம் எத்தனை நாளில் வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். இது காப்புக் கட்டுக்குள் வருமா? தீமிதிக்குள்?

மார்ச் முப்பதாம் தேதி தனியாகக் கிளம்பினேன். ஒருமுறைகூட விழவில்லை. இருபத்தொன்பது இடம் அளந்துவிட்டேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் அதே பெருவிரல் வலி நின்றது. இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். வெயில் அடித்தது. யாரும் பார்க்கவில்லை. முடித்துவிட்டு வந்து சொல்லலாம், யாருக்குத் தெரியும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

பெரிய வட்டமடித்துத் திரும்பி, பக்கத்துக் குடிசைக்குப் போய் அடுப்பு மூட்டினேன். அங்கே தனியாக உட்கார்ந்து கத்தினேன்.

வேலை உறுதியாகவில்லை. அடுத்த பனிக்கு மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள். அழுதேன். ஆனால் பத்து விரல் இருக்கிறது.

நான் திரும்பிவிட்டேன், மாமா.

மதி

*

உத்திரமேரூர் வட்டம்
15 மே 2025

மதி கண்ணு, நல்லாக்கீறியா? வேளைக்குத் துன்றியா? நான் அத்தை பேசறேன். எழுதறது பக்கத்து வூட்டு சசிரேகா. நான் சொல்றத அப்படியே எழுது, உங்க மாமன் மாரி வேல காட்டுனா கைய முறிச்சுருவேன்னு சொல்லிக்கீறேன்.

ஞாயித்துக்கெயம காத்தால துரியோதனன் படுகளம் முடிஞ்சிது. சாயங்காலம் குண்டம். நெருப்ப வாரிப் பரப்பிட்டாங்க, கிட்ட நிக்க முடியல, மூஞ்சி பொசுங்குது. உங்க மாமன் மஞ்சத்துணி கட்டிக்கினு, கைல காப்பு, வேப்பில, வரிசைல மூணாவதா நிக்குது. மேளம் அடிக்கிறான். மொத ஆளு எறங்கிட்டாரு. ரெண்டாவது ஆளும் எறங்கிட்டாரு. இது எறங்கல.

வரிசைய வுட்டு வெளிய வருது. கூட்டத்தத் தள்ளிக்கினு நேரா எங்கிட்ட. மடில இருந்து ஒரு கவர எடுத்து நீட்டுது. "கோவிந்து, தபால்"ங்குது.

"இன்னா தபாலு இந்நேரத்துல? பூ மிதிக்கப் போற ஆளு!"

"உனுக்கு வந்துது. குடுக்கணும்."

"எனுக்குப் படிக்கத் தெரியுமா? நீயே படி."

படிச்சிது, கண்ணு. மேளத்துக்கு மேல சத்தமாப் படிச்சிது. 'அத்தை, மாமா காலில் புண் இருக்கிறது. அவருக்கு வலிப்பதில்லை. உங்களிடம் மறைக்கிறார். அம்மனைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலைத் தொட்டுப் பாருங்கள்.' ஒரு எழுத்து வுடல. மேளக்காரன் நிறுத்திட்டான்.

அங்கயே உக்காரவெச்சு அது கால மடில தூக்கிப் போட்டேன். ஐயோ, நான் சொல்லமாட்டேன் கண்ணு அத. துண்டால கண்ணக் கட்டிட்டு, ஒவ்வொரு வெரலாத் தொட்டுக்கினே வந்தேன். பத்தும் தொட்டு முடிச்சிட்டேன். "இன்னும் ஆரம்பிக்கலியா, கோவிந்து?"ன்னு கேக்குது.

பூசாரி பக்கத்துல நின்னு பாத்தாரு. பரிவட்டம் போச்சுன்னு உங்க மாமன் தலையத் தொங்கப் போட்டுக்கினு கீது. அவரு சொன்னாரு, "காப்ப நான் அவுக்கமாட்டேன், தாண்டவராயா. அது அம்மா கட்டுனது. நீ பால்குழி ஓரமா உக்காரு. எறங்கி வர்றவங்க கால்ல பால் ஊத்து. இருவத்தஞ்சாவது வருசம் உனுக்கு அதான் வேல." நாப்பத்தேழு பேருக்கு ஊத்துச்சு. ஒவ்வொருத்தரும் 'ஸ்ஸு'ன்னு கால இழுக்கும்போது அவங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்துது.

திங்கக்கெயம காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரில சேத்துட்டோம். சக்கர நானூத்தி சொச்சம். சுண்டுவெரல எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. வாரம் பத்து நாள் கயிச்சி வந்திருந்தா காலே போயிருக்குமாம்.

நீ அயுவாத. நான் இங்க அயுதுக்கினுதான் கீறேன், அது போதும்.

அத்தை

*

காஞ்சிபுரம்
2 ஜூன் 2025

அன்புள்ள மதிக்கு,

நான் நலம். நீ நலமா? இடது சுண்டுவிரல் இல்லை. மற்ற ஒன்பதும் இருக்கின்றன. அத்தை கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள். இதை எழுதி முடித்ததும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

மூன்று வருடத்துக்கு முன் கொதிக்கிற கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன். தோல் உரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் குண்டம் இறங்கினேன், சுடவில்லை. அருள் என்றார் பூசாரி. கஞ்சியும் அருளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. என் அப்பா கால் ஞாபகம் வந்தது. ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு பொய் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் கடைசிக் கடிதம் தீமிதிக்கு முந்தின நாள் வந்தது. கோபம் வந்தது உன்மேல். மூன்று கிலோமீட்டர், யாரும் பார்க்கவில்லை, இந்தப் பெண் ஏன் திரும்பினாள் என்று அன்று முழுவதும் கோபம். அதை ஒளித்துவைக்கப் போனபோதுதான் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்த மற்ற உறை கையில் வந்தது. மடியில் ஏன் செருகிக்கொண்டேன் என்று தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். முதல் ஆள் இறங்கி நெருப்பில் முகம் சுளித்தார். இரண்டாவது ஆள் கத்தினார். எனக்கு அது வராது என்று தெரிந்தது. உனக்குத் திரும்ப வந்ததே, அந்தக் கத்தல். பொறாமையாக இருந்தது.

நேற்று கட்டு மாற்றினார்கள். நர்ஸ் ஜெனிஃபர் பாதத்தின் மேல்பக்கம் பஞ்சால் துடைத்தாள். வலித்தது, மதி. கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை சிரிக்கிறாள், அழுகிறாள். இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. வேண்டுமானால் அவளைக் கேள்.

அடுத்த பனியில் விழாமல் நட. விழுந்தாலும் எண்ணி எழுது.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பின்குறிப்பு: திருமதி கோவிந்தம்மாள் பெயருக்கு வந்த உறை மே 11 அன்று உரியவரிடம் பட்டுவாடா செய்யப்பட்டது. தாமதம் இருபத்தொன்பது நாள். காரணம்: தபால்காரன் பயந்துவிட்டான்.